நாயின் சோற்றைத் தின்றது யார்

ஒரு மனிதர் நாயின் சோற்றைத் திருடித் தின்றார் என்று நாற்பது பேருக்கு முன்னால் நான் சொன்னேன். அது பொய். பொய்யென்று தெரிந்து சொல்லவில்லை. ஆனால் மெய்யா என்று பார்க்க ஒரு நிமிடம்கூடச் செலவழிக்காமல் சொன்னேன். அப்போது நான் விஞ்ஞான ஆசிரியர். கல்முனைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் ஒட்டுண்ணிகள் என்ற பாடத்தை வருடா வருடம் படிப்பித்தவன். படிக்காத ஒருவர் அதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் இவ்வளவு பெரிய குற்றமாக இருந்திராது.

கிழக்குக் கரையில் பெரிய சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருடம் நடந்தது இது. வாப்பா விட்டுப்போன ஐந்து ஏக்கர் வயல் ஊருக்கு மேற்கே, வாய்க்கால் முடிகிற இடத்தில், காட்டை ஒட்டி இருந்தது. காட்டுப்பன்றி ஒரு தடவை இறங்கினால் வரம்புகளுக்கு நடுவே உள்ள ஒரு முழு வரவை நெல்லும் போய்விடும். அதனால் அங்கே காவல் குடிசையாக வாடி ஒன்று போட்டு ஒரு காவல்காரரையும் ஒரு நாயையும் வைத்திருந்தேன்.

எங்கள் ஊர்களில் நாயை வீட்டில் வளர்ப்பதில்லை. பயிரைக் காக்க வைத்துக்கொள்ள மார்க்கத்தில் இடமுண்டு. ஆனால் அதன் எச்சில் பட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீரால். ஆகவே வயல் நாய் வயலிலேயே பிறந்து வயலிலேயே கிழடாகும். அதற்கென்று ஒரு மண் சட்டி, அதற்கென்று நீளக் காம்பு போட்ட ஒரு அகப்பை. சோற்றை எட்டி நின்று ஊற்றுவார்கள். தலையைத் தடவுகிறவர் கிடையாது. வாயைத் திறந்து பார்க்கிறவர் கிடையவே கிடையாது. எங்கள் நாய்க்குப் பெயரும் இருக்கவில்லை. காவல்காரர் 'டேய்' என்பார், அது வரும்.

காவல்காரர் என்னைவிட ஆறு வயது மூத்தவர். அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். எட்டு வருடமாக எங்கள் வயலில் காவல். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் சைக்கிளில் போகும்போது அவருக்கு அரிசி, தேங்காய், சாமான்கள் ஒரு பையில் போகும். நாய்க்குக் குறுணலும் கருவாட்டுத் தலையும் வேறு பையில் போகும்.

அந்த வருடம் சிறுபோகம் நடுவில் நாய் மெலிய ஆரம்பித்தது. முதலில் விலா எலும்பு தெரிந்தது. பிறகு முதுகெலும்பு. உரோமம் காய்ந்த வைக்கோல்போல நின்றது. பன்றி வந்தாலும் எழும்பாமல் கிடக்கிறது என்றார் காக்கா.

"சாப்பாடு வெக்கிறீங்களா காக்கா?" என்று கேட்டேன்.

"சட்டிய நக்கி நக்கிச் சட்டியே தேயுது மாஸ்டர். திங்கிறது உடம்புல ஒட்டுதில்ல."

"திங்கிற நாய் இப்பிடியா இரிக்கும்?"

"அல்லாஹ்க்குத்தான் தெரியும். மண்ணையும் தோண்டித் திங்குது."

சொல்லிக்கொண்டே அவர் ஒரு பாதத்தை மற்றப் பாதத்தில் வைத்துத் தேய்த்தார். விரல்களுக்கு மேலே தோலில், சின்னப் பிள்ளை சிவப்புப் பென்சிலால் கிறுக்கியதுபோல வளைந்து வளைந்து கோடுகள் இருந்தன. வயல் சிரங்கு என்று நினைத்து விட்டுவிட்டேன். நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறொன்றை. நாய் மெலிந்திருக்கிறது, காக்காவின் வயிறு மட்டும் முன்னுக்கு வந்திருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து மனத்துக்குள் ஒரு கணக்கைப் போட்டு முடித்துவிட்டேன்.

பெரும்போகம் தொடங்க முன்பு எங்கள் வயல்வெளியான வட்டையின் வயல்காரர்கள் எல்லாரும் வாய்க்கால் கரை மருத மரத்தடியில் கூடுவோம். வயல் தலைவரான வட்டைவிதானை தண்ணீர் முறையைச் சொல்வார். அன்றைக்குக் காவலைப் பற்றிக் கதை வந்தது. பன்றி எங்கள் எல்லையால்தான் நுழைகிறது என்று ஒருவர் குறை சொன்னார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எழும்பினேன்.

"நாய் பட்டினி கிடந்தா எப்பிடிப் பன்றிய வெரட்டும்? நாய்க்கு அனுப்புற சோத்த இவர் திங்கிறாரு. வேற என்ன?"

காக்கா பின்னால் நின்றிருந்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். மரத்தடியை விட்டு நடந்தார். வெற்றிலைக் கடை வைத்திருந்த ஒருவர், கூட்டத்தில் எப்போதும் பகிடி விடுகிறவர், "நாய்ச்சட்டி போகுது" என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

களவு என்று மட்டும் சொல்லியிருந்தால் சில மாதங்களில் மறந்திருப்பார்கள். நாய்ச் சட்டிக்குள் கை விட்டவர் என்று எங்கள் ஊரில் ஒருவரைச் சொன்னால் அது வேறு. ஒரு மாதம் கழித்து ஒரு கலியாண வீட்டில் அதைக் கண்டேன். எங்கள் வழக்கப்படி ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் இருந்து, அந்த ஒரே பெரிய தட்டில் எல்லாரும் கை வைத்துச் சாப்பிடுவோம். காக்கா வந்து ஒரு சஹனில் இருந்தார். பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு சஹனுக்குப் போனார். மற்றவரும் போனார். கொஞ்ச நேரத்தில் முழுத் தட்டு நெய்ச்சோற்றுக்கு முன்னால் அவர் ஒருவர்தான். கையைக் கழுவாமலே எழும்பிப் போனார். இரண்டு சஹன் தள்ளி இருந்த நான் என் பங்கைச் சாப்பிட்டு முடித்தேன். அன்று மனம் குத்தவில்லை. நியாயம் நடந்ததென்று நினைத்தேன். இதை எழுதும்போதுதான் கை கூசுகிறது.

அவரை எந்த வயலிலும் காவலுக்கு எடுக்கவில்லை. கடற்கரையில் கரைவலை இழுக்கப் போனார் என்று கேள்விப்பட்டேன். வயலிலேயே வாழ்ந்தவருக்குக் கடல் பிடிக்காது.

நாயைச் சைக்கிளுக்குப் பின்னால் கயிற்றில் கட்டி நடத்திக்கொண்டு வந்தேன். வீட்டு வளவின் கடைசி மூலையில், சூறாவளியில் முறிந்த தென்னங்குற்றியில் கட்டினேன். இனி என் கண் முன்னால் தின்னட்டும், பதினைந்து நாளில் கொழுத்துவிடும், அதை ஊரே பார்க்கட்டும் என்பது என் எண்ணம். மனைவி மூக்கைச் சுளித்தாலும் ஒரு நாளைக்கு இரண்டு வேளை அகப்பையால் ஊற்றினாள். நாய் எல்லாவற்றையும் தின்றது. சட்டியை நக்கித் தேய்த்தது. மூன்றாம் கிழமை முடிய, வந்ததைவிட மெலிந்து நின்றது.

ஒரு பின்னேரம் மனைவி அகப்பையோடு வந்து என் கதிரைக்கு முன்னால் நின்றாள்.

"இஞ்சாருங்க, ஒண்டு கேக்கணும்."

"கேளுங்க."

"இப்ப நாய்ட சோத்த ஆரு திங்கிற? நீங்களா, நானா?"

அடுத்த நாள் பாடசாலை விட்டதும் நேரே மிருக வைத்தியரிடம் போனேன். அவர் யாழ்ப்பாணத்து இளைஞர். வேலைக்கு வந்து ஒரு வருடம்தான் இருக்கும். மாட்டுக்கும் எருமைக்கும்தான் ஆட்கள் அவரைத் தேடுவார்கள். நாய்க்கென்று போன முதல் முஸ்லிம் ஆள் நான்தானாம்.

"பல் முரசு என்ன நிறம்?" என்று கேட்டார்.

"பாக்கல்ல."

"மலம்?"

"கறுப்பா இரிக்கி."

"நாயைத் தொட்டுப் பாத்தனீங்களோ மாஸ்டர்?"

"இல்ல."

"நாளைக்கு அதின்ரை மலம் கொஞ்சம் கொண்டு வாங்கோ. புதுசாய் இருக்கவேணும்."

பால்மா டின்னொன்றில் அதை எடுத்து, வாழையிலையால் சுற்றி, சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு பெரிய வீதியால் போனேன். வழியில் இரண்டு பேர் மறித்து, "என்ன மாஸ்டர், தொதலா?" என்று கேட்டார்கள். இனிப்பு கொண்டு போகிறேன் என்று நினைத்தவர்களுக்கு ஓம் என்று சொல்லிவிட்டு மிதித்தேன்.

வைத்தியர் அதில் கொஞ்சத்தை உப்புத் தண்ணீரில் கரைத்தார்; வடித்தார்; சிறிய குழாயில் விளிம்பு வரை நிரப்பி, மேலே ஒரு கண்ணாடித் துண்டை மூடி வைத்தார். முட்டைகள் பாரமில்லாதவை, மிதந்து வந்து கண்ணாடியில் ஒட்டும் என்றார். பத்து நிமிடம் காத்திருந்தோம். அவர் முதலில் நுணுக்குக்காட்டியில் குனிந்து பார்த்தார். பிறகு எழும்பி எனக்கு இடம் விட்டார்.

மெல்லிய ஓடு. நீள்வட்டம். உள்ளே நாலைந்து கரிய உருண்டைகள். கொளுக்கிப்புழுவின் முட்டை. பதினாலு வருடமாக நான் கரும்பலகையில் வெண்கட்டியால் வரைந்தது. குருதியை உறிஞ்சும், குருதிச்சோகை உண்டாகும் என்று பிள்ளைகளை எழுதவைத்தது. அதுதான் அங்கே நூற்றுக்கணக்கில் கிடந்தது. இடையிடையே தடித்த ஓட்டோடு உருண்டையாக வட்டப்புழுவின் முட்டைகளும் இருந்தன.

"மாஸ்டர் என்ன பாடம் படிப்பிக்கிறனீங்கள்?" என்று கேட்டார் வைத்தியர்.

"விஞ்ஞானம்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

"குட்டியா இருக்கேக்கை தாயின்ரை பாலாலை வந்திருக்கும். பிறகு மண்ணாலை. மலம் விழுந்த ஈரமண்ணிலை குஞ்சுப்புழு கிடக்கும், காலாலை ஏறும். ஆக்களிலையும் ஏறும். ஆனால் நாயின்ரை புழுவுக்கு மனிசற்றை குடலுக்குப் போற வழி தெரியாது. தோலுக்குள்ளையே ஊர்ந்து திரியும். சிவப்பாய்க் கோடு கோடாய் வரும், சொறி கடி தாங்கேலாது. அங்கை நிண்ட ஆருக்கேன் காலிலை அப்பிடி இருக்கோ?"

சிவப்புப் பென்சில் கோடுகள். அவர் சோற்றைத் திருடியதற்கு அத்தாட்சி தேடிக்கொண்டிருந்த நான், திருடவில்லை என்பதற்கான அத்தாட்சியை அவர் பாதத்திலேயே பார்த்திருக்கிறேன்.

மாத்திரை தந்தார். இன்றைக்குக் கொடுத்தால் குடலில் இருப்பது சாகும், உடம்புக்குள் ஒளித்திருப்பது பிறகு இறங்கி வரும், ஆகவே பதினைந்து நாளில் திரும்பவும் கொடுக்க வேண்டும் என்றார். சோற்றில் கலந்தால் துப்பிவிடும், வாயைத் திறந்து நாக்கின் பின்பக்கத்தில் வைத்துத் தொண்டையைத் தடவுங்கள் என்றார். அவருக்கு அது ஒரு வேலையே இல்லை. எனக்கு வாழ்க்கையில் அதுவரை செய்யாத வேலை.

தென்னங்குற்றிக்குப் பக்கத்தில் குந்தினேன். நாய் என்னை நம்பாமல் பார்த்தது. தாடையைப் பிடித்தேன். சூடாக இருந்தது. வாயைத் திறந்தால் முரசு எங்கள் வீட்டுச் சுவர்போல வெள்ளை. நாக்கும் வெள்ளை. இரண்டு வருடம் எனக்குக் காவல் கிடந்த பிராணியின் வாயை அன்றுதான் பார்க்கிறேன். மாத்திரையை வைத்தேன், தொண்டையைத் தடவினேன், விழுங்கியது. என் கை மணிக்கட்டு வரை எச்சில்.

கிணற்றடியில் மனைவி வாளியோடு நின்றாள். முதல் தடவைக்கு மண்ணைக் கரைத்து ஊற்றினாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி ஊற்றினாள். ஏழாவதை ஊற்றிவிட்டு வாளியைக் கவிழ்த்தாள்.

"இது நாய்க்கு. காக்காக்குச் சொன்ன கதைக்கு எத்தின வாளி?"

அடுத்த நாள் காலையில் நாய் வெளியே போட்டதைப் பார்த்தேன். இடியப்பச் சிக்கல்போலப் பின்னிக்கொண்டு வட்டப்புழுக்கள். அவற்றுக்கிடையில் கூர்ந்து பார்த்தால், நூல் துண்டுகள்போலக் கொளுக்கிப்புழுக்கள். குச்சியால் எடுத்துக் கழுவி, பாடசாலையிலிருந்து கொண்டு வந்த ஸ்பிரிட்டை ஊற்றி, ஜாம் போத்தலொன்றில் போட்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த மாதிரியையும் பதனப்படுத்தியதில்லை.

இரண்டாம் மாத்திரையும் கொடுத்தேன். வைத்தியர் சொன்னபடி ஈரல் அவித்துப் போட்டோம். ஒரு மாதத்துக்குள் முரசில் சிவப்பு ஏறியது. உரோமம் படிந்து மினுங்கியது. ஒரு நாள் காலை தபால்காரர் வந்தபோது அது கயிற்றை இழுத்துக்கொண்டு குரைத்தது. பல மாதங்களுக்குப் பிறகு முதல் குரைப்பு. தபால்காரர் வேலிக்கு வெளியே கடிதத்தைப் போட்டுவிட்டு ஓடினார். மனைவி குசினிக்குள் நின்று சிரித்தாள். நான் அன்றைக்கே கடற்கரைக்குப் போனேன்.

காக்கா கரைவலைக் கயிற்றில் நின்றார். வலை ஏறும்வரை காத்திருந்தேன். மற்றவர்கள் மீன் பிரிக்கப் போனதும் என்னிடம் வந்தார்.

"மாஸ்டர் மீன் வாங்க வந்தீங்களா?"

"இல்ல காக்கா. உங்கள்ட்ட மாப்புக் கேக்க வந்தன்."

முட்டையிலிருந்து ஜாம் போத்தல்வரை எல்லாவற்றையும் சொன்னேன். கயிற்று மண்ணைக் கையிலிருந்து தட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"அப்ப அது சாகல்லயா?"

"இல்ல. தபால்காரர வெரட்டுது."

பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"என்னப் பொறுத்துக்கங்க காக்கா," என்றேன்.

"இஞ்ச கடல்ட காதுக்குள்ள சொல்லிட்டுப் போனா கடல் எனக்கி என்ன செய்யும்? எங்க சொன்னீங்களோ அங்க சொல்லுங்க. அதுக்குப் பொறகு பாப்பம்."

அவர் பாதங்களைப் பார்த்தேன். கோடுகள் பாதி ஆறிக் கறுத்திருந்தன. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் மருந்து எடுத்துக் கொடுத்தேன். போகும் வழியெல்லாம் நாயைப் பற்றியே கேட்டார். கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த போகத்துக் கூட்டம் வந்தது. மருத மரத்தடி. அதே ஆட்கள். கூட்டம் முடிய எல்லாருக்கும் போடுகிற கந்தூரிச் சோறு வேகிற மணம். காக்கா வந்து, முந்திய தடவை நின்ற இடத்தில் நின்றார். நான் எழும்பினேன்.

"மாஸ்டர் தண்ணி முறையப் பத்தியா?" என்றார் வட்டைவிதானை.

"இல்ல. போன கூட்டத்தில நான் சொன்ன பொய்யப் பத்தி."

பையிலிருந்து போத்தலை எடுத்து உயர்த்திப் பிடித்தேன்.

"நாய்ட சோத்தத் திண்டது இவங்கதான். நாய் திண்டிச்சி, இவங்க நாயத் திண்டாங்க. காக்கா ஒரு பருக்கையும் தொடல்ல. தொட்டாரெண்டு நான் சொன்னது பொய். உங்க எல்லாருக்கும் முன்னால அவர்ட்ட மாப்புக் கேக்கிறன்."

போத்தல் கைமாறிக் கைமாறிப் போனது. "இனி எங்கட வீட்ட இடியப்பம் திண்ட மாதிரித்தான்," என்றார் ஒருவர். வெற்றிலைக் கடைக்காரர் போத்தலை வெயிலில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"மாஸ்டர், இது நீங்க புள்ளைகளுக்குப் படிப்பிக்கிற பாடந்தானே?"

"ஓம். பதினாலு வருஷமா."

"அப்ப நாங்க படிக்காம வுட்டதால பெரிய நட்டம் ஒண்டுமில்ல."

மரத்தடியே குலுங்கிச் சிரித்தது. அந்தச் சிரிப்பு என் தலையில் மழைபோல இறங்கியது. இறங்க வேண்டிய இடத்தில்தான் இறங்கியது. காக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

"பொறுத்துட்டன்," என்றார் எல்லாருக்கும் கேட்க. பிறகு வெற்றிலைக் கடைக்காரரின் கையிலிருந்து போத்தலை வாங்கினார். "இது எனக்கி வேணும்."

சோறு வந்தபோது வட்டைவிதானை அவரைக் கையில் பிடித்துத் தன் சஹனில் இருத்தினார். நாலு பேர் ஓடி வந்து மற்ற இடங்களைப் பிடித்தார்கள். நான் போக இடம் மிச்சமிருக்கவில்லை. வேறு சஹனில் இருந்து சாப்பிட்டேன். அன்றைய சோறு இறங்கியதுபோல எந்தச் சோறும் இறங்கியதில்லை.

அந்தப் போத்தலை அவர் ஒரு கிழமை ஊரெல்லாம் கொண்டு திரிந்தார். தேத்தண்ணிக் கடை மேசையில் கிளாசுகளுக்கு நடுவில் வைத்துவிட்டு, கேட்காதவர்களுக்கும் விளக்கம் சொன்னார். பிறகு மிருக வைத்தியரிடம் தானே போய் மாத்திரை வாங்கி வந்தார். வட்டையில் இருந்த காவல் நாய்கள் அத்தனைக்கும் வாடி வாடியாகப் போய் வாயைத் திறந்து கொடுத்தார். வாடிக்குப் பக்கத்தில் கிடக்கிற மலத்தை மண்வெட்டியால் அள்ளித் தள்ளிப் புதைக்க வேண்டும், செருப்பில்லாமல் நிற்கக் கூடாது என்று பெரிய வயல் சொந்தக்காரரான போடிமாருக்கெல்லாம் கட்டளை போட்டார். கேட்டார்கள். அதற்கு முன்பு எங்கள் வட்டையில் நாய்க்குட்டிகள் வயிறூதிச் செத்துப்போவதைப் விதிபோல எடுத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு வந்த ஈற்றில் குட்டிகள் பிழைத்தன. காவலுக்கு வரச் சொல்லி மூன்று பேர் அவர் வீட்டுக்குப் போனார்கள். நாலாவதாக நானும் போனேன்.

"உங்களப் பொறுத்தது மெய் மாஸ்டர்," என்றார். "ஆனா உங்கட வயலுக்கு வரமாட்டன். மனசு வருகுதில்ல."

"சரி காக்கா. நாய எடுத்துக்கங்க. அது உங்கடதான்."

மறுக்கவில்லை. தென்னங்குற்றியில் கயிற்றை அவிழ்த்து, "டேய்" என்றார். அது என்னைத் திரும்பியும் பார்க்காமல் போனது.

அவர் காவலுக்குப் போனது வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வயலுக்கு. என் வயலுக்கு ஒரு புதுக் காவல்காரர் வந்தார், நாய் இல்லாமல். அந்தப் போகம் கதிர் முற்றும் நேரத்தில் ஒரு சனிக்கிழமை காலை போனபோது, காட்டோரத்து இரண்டு வரவை உழுத நிலம்போலக் கிடந்தது. பன்றிகள் வாய்க்கால் கரைவரை வந்து, அங்கே நின்று, திரும்பிப் போயிருந்தன. அந்தக் கரையில் ஒரு கதிர்கூடச் சாயவில்லை. நான் வரம்பில் நின்று இரண்டு பக்கத்தையும் பார்த்தேன். என் வேளாண்மை போனதற்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த நாயின் கரையைக் கண்டு நெஞ்சு நிமிர்ந்தது.

காக்கா செருப்புப் போட்ட காலோடு மதகைக் கடந்து வந்தார். பக்கத்தில் நாய், முதுகு மினுங்க. மிதிபட்ட கதிர்களைக் குனிந்து பார்த்தார்.

"பன்றி நல்லாத் திண்டிரிக்கி மாஸ்டர்."

"ஓம் காக்கா."

"இந்த முற ஆரயும் சொல்லாதீங்க."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர் வாய்க்காலுக்கு அப்பால் கையைக் காட்டினார்.

"எங்கட வாடியில நாலு குட்டி இரிக்கி. ஒண்டு கொண்டு போங்க. மருந்து ரெண்டு தரம் குடுத்தாச்சி. மூணாவது தரம் நீங்களே வாயத் தொறந்து குடுக்கணும்."

அவருக்குப் பின்னால் மதகைக் கடந்து போனேன். கறுப்பும் வெள்ளையுமான ஒரு குட்டியை இரண்டு கையாலும் தூக்கினேன். அது என் விரல்களை நக்கியது.